சுழல் துப்பாக்கி தந்த சாமுவேல் கோல்ட்

ஆங்கில சினிமாப் படங்களில் குதிரை வீரர்கள் வருவார்கள். அவர்கள் இடுப்பில் கைத்துப்பாக்கி தொங்கும். அதன் நடுவில் உருளை ஒன்று சுழலும்.

அந்தச் சுழல் துப்பாக்கியை உலகம் எங்கும் பரப்பியவர், சாமுவேல் கோல்ட்.

அவர் பெரும் கோடீஸ்வரராக இறந்தார். ஆனால், அவர் தொடங்கிய முதல் கம்பெனி ஆறே ஆண்டில் மூடப்பட்டது! அதற்கு என்ன காரணம்?

கல்கத்தா கப்பல்

அமெரிக்காவில் ஹார்ட்போர்டு என்ற ஊரில், 1814-ம் ஆண்டு ஜூலை மாதம் 19-ந்தேதி கோல்ட் பிறந்தார். சிறு வயதிலேயே தாயார் காச நோயால் இறந்து விட்டார். பையனுக்குப் படிப்பில் மனம் செல்லவில்லை. எந்திரங்களிலும் வெடிமருந்திலும் தான் ஆசை.

1830-ம் ஆண்டில் "கார்வோ" என்ற கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். கப்பல் கல்கத்தாவுக்குப் போயிற்று. அந்தப் பயணத்தில், மரத்தைச் செதுக்கி, சுழலும் உருளைக்கு ஒரு மாதிரி செய்தார்.

அந்தக் காலத்துக் கைத்துப்பாக்கியை ஒரு தடவை சுட்டால், மறுபடியும் மருந்து கெட்டிக்க வேண்டும். கோல்டின் துப்பாக்கியில் குழாய் ஒன்று. அதன் பின்னால் உள்ள உருளையில் ஐந்து அறைகள். கட்டை விரலால் சுத்தியலைப் பின்னால் இழுத்தால், உருளை சுழன்று அடுத்த அறை குழாய்க்கு நேராக வந்து நிற்கும். விசையை இழுத்தால் வெடிக்கும்.

விசைக்கு ஒரே வேலை தான்: சுத்தியலை விடுவிப்பது. ஆகவே இந்த வகைக்கு "சிங்கிள் ஆக்சன்" என்று பெயர் வந்தது.

முதல் தோல்வி

பணம் சேர்க்க, கோல்ட் ஊர் ஊராகப் போனார். சிரிப்பு மூட்டும் வாயுவை மக்களுக்குக் கொடுத்து வேடிக்கை காட்டினார். கல்கத்தாவில் இருந்து வந்த டாக்டர் என்று தன்னை விளம்பரம் செய்து கொண்டார்!

1836-ம் ஆண்டு பிப்ரவரி 25-ந்தேதி அமெரிக்க அரசு அவருக்குக் காப்புரிமை வழங்கியது. பேட்டர்சன் நகரில் கம்பெனி தொடங்கினார்.

துப்பாக்கி புதுமையானது தான். ஆனால் விலை அதிகம். உறுதியோ குறைவு. ராணுவம் சோதித்துப் பார்த்து வேண்டாம் என்று தள்ளி விட்டது. 1842-ல் கம்பெனி மூழ்கியது.

கைகொடுத்த கேப்டன்

ஐந்து ஆண்டுகள் கழிந்தன. மெக்சிகோவுடன் அமெரிக்கா போர் நடத்திக் கொண்டிருந்தது. கோல்டின் பழைய துப்பாக்கியைப் போரில் பயன்படுத்தியவர், டெக்சாசைச் சேர்ந்த கேப்டன் சாமுவேல் வாக்கர். அதன் குறைகள் அவருக்குத் தெரியும்.

இன்னும் கனமாக வேண்டும். ஆறு குண்டுகள் வேண்டும். மருந்து கெட்டிக்கத் துப்பாக்கியிலேயே ஒரு நெம்புகோல் வேண்டும் என்றெல்லாம் யோசனை கூறினார். கோல்ட் அப்படியே கேட்டுக் கொண்டார்.

1847-ல் அரசு, 1,000 துப்பாக்கிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. ஒன்றின் விலை 25 டாலர். கோல்டிடம் தொழிற்சாலை கிடையாது. விட்னி என்பவரின் தொழிற்சாலையில் செய்து கொடுத்தார். துப்பாக்கியின் எடை சுமார் 2 கிலோ!

அதிலும் சில உருளைகள் வெடித்துச் சிதறின. அடுத்து வந்த மாடலில் உருளையைச் சிறிதாக்கி, மருந்தின் அளவைக் குறைத்தார். பிறகு உறுதியான எஃகு பயன்பட்டது.

வெற்றியும் பழியும்

ஹார்ட்போர்டில் பெரிய தொழிற்சாலை கட்டினார், கோல்ட். எலிஷா ரூட் என்ற நிபுணரை மேற்பார்வைக்கு அமர்த்தினார். ஒரே அளவான உறுப்புகளை எந்திரங்கள் ஏராளமாகச் செய்தன. செலவு குறைந்தது. பழுது பார்ப்பதும் எளிதாயிற்று. 1853-ல் லண்டனிலும் தொழிற்சாலை திறந்தார்.

தொழிலாளர்களுக்கு வீடுகள் கட்டினார். வேலை நேரம் 10 மணி என்று வரையறுத்தார்.

பழியும் வந்தது. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூளும் வரை, தென் மாநிலங்களுக்கும் துப்பாக்கி விற்றார். வட மாநிலப் பத்திரிகைகள் அவரைக் கடுமையாகத் தாக்கின. மண்ணின் பூர்வ குடிகளை ஒடுக்கவும் அவருடைய துப்பாக்கிகள் பயன்பட்டன.

1862-ம் ஆண்டு ஜனவரி 10-ந்தேதி கோல்ட் காலமானார். வயது 47 தான்.

மனைவியின் துணிவு

1864-ல் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. பெரும் பகுதி சாம்பலாயிற்று. கோல்டின் மனைவி எலிசபெத் கலங்கவில்லை. மறுபடியும் கட்டி எழுப்பினார்.

அங்கே தான், 1873-ல் புகழ் பெற்ற "சிங்கிள் ஆக்சன் ஆர்மி" துப்பாக்கி பிறந்தது. பெரும்பாலான பழைய மாடல்களில் உருளைக்கு மேலே சட்டம் கிடையாது. இதில் உருளையைச் சுற்றி ஒரே துண்டான இரும்புச் சட்டம் இருந்தது. அதனால் உறுதி கூடியது. சினிமாவில் நாம் பார்ப்பது பெரும்பாலும் இந்தத் துப்பாக்கியைத் தான். இதைப் பார்க்க கோல்ட் உயிருடன் இல்லை.

புதிய பொருளைக் கண்டு பிடித்தால் மட்டும் போதாது. அது உழைக்க வேண்டும். வாங்குகிறவர் கைக்கு எட்டும் விலையில் இருக்க வேண்டும். முதல் தோல்வி கோல்டுக்குக் கற்றுக் கொடுத்த பாடம், இது தான்.