மழையில் வாங்கிய கோப்பை
மறக்கக் கூடாத மனிதர்கள் – தொடர்



உங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஓலே கிரீம் டப்பா ஒன்று இருக்கலாம். அதை முதலில் தயாரித்தவர் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இருந்த கிரஹாம் வுல்ஃப் என்ற வேதியியலாளர். 1950களின் தொடக்கத்தில் தன் மனைவிக்காக அவர் செய்து பார்த்த கலவைதான் பிறகு உலகம் முழுக்க விற்பனைக்குப் போனது. இந்த இதழில் நாம் பார்க்கப் போவது அவரை அல்ல. அவருடைய தொழிற்சாலையில் வேலை செய்த, பள்ளிக்கூடம் போகாத ஓர் இந்தியத் தொழிலாளியை. அவர் பெயர் சிவ்சங்கர் சிவ்கோலம். ஊரும் உலகமும் அவரை அழைத்த பெயர் பப்வா.

கோல்ஃப் நமக்குச் சம்பந்தமில்லாத விளையாட்டு என்று இந்தப் பக்கத்தைத் தள்ளிவிட வேண்டாம். நம் குடியிருப்பில் எத்தனை பிள்ளைகள் டென்னிஸ், பாட்மிண்டன், கிரிக்கெட் என்று பயிற்சிக்குப் போகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு வரை கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருகிற பெற்றோரும் இருக்கிறார்கள். பயிற்சி என்றால் என்ன, எதைத் திருத்த வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று யோசிக்கிற ஒவ்வொருவருக்கும் இவர் கதையில் விஷயம் இருக்கிறது. நம் பொதுக்குழுவில் முடிவாகாமல் நிற்கும் ஒரு கேள்விக்கும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மரக்கிளையே மட்டை

1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்த ட்ரூரோ என்ற கப்பல், சென்னையிலிருந்து போன கப்பல். அங்கிருந்த கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்களை ஏற்றிச் சென்ற முதல் கப்பல் அது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் லட்சத்துக்கும் மேற்பட்டோர் நேட்டாலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் டர்பன் இந்தியர்கள்.

அந்தச் சமூகத்தில், டர்பன் நகருக்கு வடக்கே ஒரு குடிசையில், 1928-ல் பிறந்தவர் பப்வா. அம்மாவுக்குக் கண் பார்வை கிடையாது. அப்பா சீக்கிரமே இறந்துவிட்டார். பிழைப்புக்கு வழி தேடிய சிறுவனுக்குப் பக்கத்தில் இருந்தது பீச்வுட் கோல்ஃப் மைதானம். ஆட வரும் வெள்ளைக்காரர்களின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடக்கும் கேடி வேலைக்குப் போனார்.

மட்டை வாங்கக் காசில்லை. மரக்கிளையை வெட்டிச் சீவி மட்டை மாதிரி செய்து, கிடைத்த பந்தை அடித்துப் பழகினார். சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை. பகலில் பை தூக்கும்போது பார்த்ததைப் பிறகு தானே செய்து பார்ப்பதுதான் பாடம்.

கைகள் மாறிய பிடி

இப்படிக் கற்றதில் ஒன்று தலைகீழாக அமைந்துவிட்டது. அதைப் புரிந்துகொள்ள, கிரிக்கெட் மட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வலக்கை ஆட்டக்காரர் என்றால் இடது கை கைப்பிடியின் மேலே இருக்கும், வலது கை கீழே இருக்கும். கோல்ஃபிலும் அப்படித்தான். இப்போது நிற்கும் நிலையை மாற்றாமல் கைகளை மட்டும் மாற்றுங்கள். வலது கை மேலே, இடது கை கீழே. அதே நிலையில் பந்தை அடித்துப் பாருங்கள். தோள் இழுக்கும், முழங்கை இடிக்கும், மட்டை எங்கே போகிறதென்றே தெரியாது.

பப்வா வாழ்நாள் முழுவதும் ஆடியது இந்தப் பிடியில்தான். பயிற்சிப் புத்தகங்களைப் பொறுத்தவரை இது முதல் நாளே திருத்த வேண்டிய தப்பு. கைகள் குறுக்கே வருவதால் மணிக்கட்டு தாராளமாக மடங்காது, வேகம் குறையும், தூரம் போகாது என்பார்கள். பொதுவாக அது சரியும்கூட.

ஆனால் பந்துக்குப் பிடி தெரியாது. மட்டை பந்தைத் தொடும் அந்த நொடியில் மட்டையின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது, மட்டை எந்தத் திசையில் வருகிறது, எவ்வளவு வேகத்தில் வருகிறது, முகத்தின் எந்த இடத்தில் பந்து படுகிறது என்பவைதான் பந்து போகும் வழியைத் தீர்மானிக்கின்றன. இவற்றை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி கொண்டுவர முடிகிறவருக்கு, மற்றவர் கண்ணுக்குக் கோணலாகத் தெரியும் ஆட்டமும் நேரான ஆட்டமே. பப்வாவால் அது முடிந்தது. பதினாறு வயதில், வெள்ளையர் அல்லாதவர்களுக்காக நடந்த நேட்டால் போட்டியில் வென்றார். இன்றைக்கும் அந்தப் பிடிக்கு கோல்ஃப் உலகில் அவர் பெயரைச் சொல்லித்தான் அடையாளம் காட்டுகிறார்கள். குழிக்குப் பக்கத்தில் பந்தை மெதுவாக உருட்டும் ஆட்டத்துக்கு மட்டும், இடது கையைக் கீழே வைக்கும் முறையை இப்போது பெரிய வீரர்கள் பலர் விரும்பியே கடைப்பிடிக்கிறார்கள்.

முதலாளி செய்ததும் செய்யாததும்

கிரஹாம் வுல்ஃப் இவர் ஆட்டத்தைப் பார்த்தார். தன் தொழிற்சாலையில் வேலை கொடுத்தார். 1959-ல் தன் சொந்தச் சிறு விமானத்தில் பப்வாவை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனார். ஆப்பிரிக்கக் கண்டத்தை முழுக்கக் கடக்க வேண்டிய பயணம் அது.

அவருடைய உதவியை வகைப்படுத்திப் பாருங்கள். சம்பளம் கொடுத்தார். ஆட நேரம் கொடுத்தார். போட்டிக்குப் போகும் வழியை ஏற்படுத்தினார். பிடி மட்டும் மரக்கிளைக் காலத்தில் இருந்தபடியே இருந்தது.

அந்த ஆண்டு நெதர்லாந்தில் நடந்த டச்சு ஓப்பன் போட்டியை பப்வா வென்றார். தன் பெயரை எழுதத் தெரியாத ஒரு கேடி, ஐரோப்பாவின் தொழில்முறை வீரர்களைத் தாண்டி முதலிடம் பிடித்தார். அதே 1959-ல் ஸ்காட்லாந்தின் முயர்ஃபீல்டில் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றவரும் ஒரு தென்னாப்பிரிக்கர், வெள்ளையரான கேரி பிளேயர். 1960-ல் பப்வா மறுபடி டச்சு ஓப்பனை வென்றார். 1964-ல் மூன்றாம் முறையும் வென்றார். இடையில் 1963 பிரிட்டிஷ் ஓப்பனில் 13-வது இடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

கிளப் ஹவுஸுக்கு வெளியே

ஐரோப்பாவில் கோப்பை வாங்கியவருக்குச் சொந்த ஊரில் ஆடத் தடை இருந்தது. 1948-ல் ஆட்சிக்கு வந்தவர்கள் நிறவெறியைச் சட்டமாக்கியிருந்தார்கள். யார் எங்கே குடியிருக்கலாம், எந்தக் கட்டடத்தில் நுழையலாம் என்று தோலின் நிறத்தை வைத்து வரையறுத்தார்கள். வெள்ளையர் மைதானத்தில் பப்வா ஆட வேண்டுமென்றால் தனி அனுமதி வாங்க வேண்டும். நீண்ட இழுபறிக்குப் பிறகு 1963-ல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நடந்த நேட்டால் ஓப்பனில் ஆட அனுமதி கிடைத்தது.

அதில் பப்வா வென்றார். பரிசளிப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. தோற்ற வெள்ளை வீரர்கள் கிளப் ஹவுஸுக்குள் வசதியாக இருந்தார்கள். வென்றவர் இந்தியர் என்பதால் உள்ளே நுழையக் கூடாது. வெளியே, மழையில் நனைந்தபடி நின்று கோப்பையை வாங்கிக்கொண்டார்.

அந்தப் புகைப்படம் பல நாட்டுப் பத்திரிகைகளில் வந்தது. நிறவெறி என்றால் என்ன என்பதைப் பக்கம் பக்கமாக எழுதிப் புரியவைக்க வேண்டியதை அந்த ஒரு படம் புரியவைத்தது. விளையாட்டில் தென்னாப்பிரிக்காவை ஒதுக்க வேண்டும் என்ற குரல் வலுத்துக்கொண்டிருந்த காலம் அது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் அந்த நாட்டுக்கு இடமில்லை. 1970-ல் ஒலிம்பிக் அமைப்பிலிருந்தே வெளியேற்றப்பட்டது.

1965-ல் அதே நேட்டால் ஓப்பனை பப்வா மறுபடி வென்றார். இம்முறை தோற்றவர்களில் கேரி பிளேயரும் ஒருவர். அப்போதே பிரிட்டிஷ் ஓப்பன், மாஸ்டர்ஸ், அமெரிக்க பிஜிஏ மூன்றையும் வென்றிருந்தவர் அவர். அதே ஆண்டில் அமெரிக்க ஓப்பனையும் வென்று நான்கையும் முடித்தவர். அப்படிப்பட்டவரைத் தலைகீழ்ப் பிடிக்காரர் வென்றார்.

அரசால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. 1966-ல் உள்நாட்டுப் போட்டிகளில் அவர் ஆடத் தடை விதித்தது. பாஸ்போர்ட்டையும் பறித்தது. பார்வையாளராகக்கூட மைதானத்துக்குள் நுழைய முடியாத நிலை. முப்பத்தெட்டு வயதுக்குள் தொழில் முடிந்தது. கோல்ஃபில் அது இன்னும் நல்ல ஆட்டம் மிச்சம் இருக்கும் வயது. வறுமையிலேயே காலம் தள்ளி, 1978-ல் 49 வயதில் மாரடைப்பால் இறந்தார்.

நிறவெறி ஆட்சி 1994-ல் முடிந்தது. டர்பனில் உள்ள நகராட்சி கோல்ஃப் மைதானம் இன்று பப்வா சிவ்கோலம் பெயரில் இருக்கிறது.

நம் பக்கத்துப் பப்வாக்கள்

கேடியாக வந்து சாம்பியன் ஆனவர்கள் நம் நாட்டிலும் உண்டு. இந்தியன் ஓப்பன் 1964-ல் தொடங்கியது. அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர் அலி ஷேர் டெல்லியில் கேடியாக இருந்தவர். வென்ற ஆண்டு 1991. நமக்கு ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் பெங்களூருவில் கேடியாகத் தொடங்கிய முனியப்பா 2009-ல் அதே கோப்பையை வென்றார். இவர்கள் யாரும் மாதக் கட்டணம் கட்டிப் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள் அல்ல. மைதானத்துக்குள் கால் வைக்க ஒரு வழி கிடைத்தது, மீதியை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளையின் பிடியோ வீச்சோ வீடியோவில் பார்த்த மாதிரி இல்லை என்று முதல் வாரமே பயிற்சியாளரிடம் முறையிடாதீர்கள். மூன்று விஷயங்களைக் கேளுங்கள். அப்படி ஆடுவதால் உடம்பில் எங்காவது வலிக்கிறதா? அடி ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வருகிறதா? பந்து நினைத்த இடத்துக்குப் போகிறதா? வலி இருந்தால் உடனே திருத்த வேண்டும். மற்ற இரண்டும் சரியாக இருந்தால் அவசரப்பட வேண்டாம். எல்லாரும் பப்வா ஆகிவிட மாட்டார்கள், பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகப் பிடிதான் நல்லது. ஆனால் திருத்துவதற்கு முன்னால் பந்து எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுத் திருத்துங்கள்.

இனி அந்தப் பொதுக்குழு விஷயம். நம் காவலாளிகள், ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள், தோட்ட வேலை செய்பவர்கள் ஆகியோரின் பிள்ளைகள் மாலையில் பாட்மிண்டன் கோர்ட்டில் ஆடலாமா, பொங்கல் விளையாட்டுப் போட்டிகளில் பெயர் கொடுக்கலாமா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். மெயிண்டனன்ஸ் கட்டுபவர்களுக்குத்தான் கோர்ட் என்றார் ஒருவர். அடிபட்டால் யார் பொறுப்பு என்றார் இன்னொருவர். இரண்டும் நியாயமான கவலைகள்தான். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது.

இங்கே நிறவெறிச் சட்டம் எதுவும் இல்லை. யாரையும் யாரோடும் ஒப்பிடவும் நான் வரவில்லை. ஆனால் ஒரு நாள் மாலை கோர்ட் பக்கம் போய்ப் பாருங்கள். நம் பிள்ளைகள் ஆடும்போது வேலிக்கு வெளியே இரண்டு மூன்று பிள்ளைகள் நின்றுகொண்டிருப்பார்கள். வெளியே வந்து விழும் காக்கை ஓடிப்போய் எடுத்துக் கொடுப்பார்கள். பீச்வுட் மைதானத்தில் பப்வாவும் அப்படித்தான் தொடங்கினார்.

நேரத்தைப் பிரித்துக் கொடுக்கலாம். காலை ஆறு முதல் ஏழு வரை கோர்ட் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கிறது. ஒரு பெரியவர் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விதி வைக்கலாம். அந்தப் பொறுப்பை ஏற்க நான் தயார், இன்னும் இரண்டு பேர் முன்வந்தால் போதும். பழைய ராக்கெட்டுகள் உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால் அலுவலகத்தில் கொடுத்துவையுங்கள்.

அடுத்த கூட்டத்துக்குத் தவறாமல் வாருங்கள். எதிர்க் கருத்து இருந்தாலும் வந்து சொல்லுங்கள், பேசி முடிப்போம். பரிசளிப்பு விழா வழக்கம்போல கிளப் ஹவுஸ் ஹாலில்தான் நடக்கும். வெல்லும் பிள்ளை யாராக இருந்தாலும் அங்கே, மேடையில் ஏறித்தான் கோப்பையை வாங்க வேண்டும் என்பது என் ஆசை.