நம்ம வயசில் ஒரு சபை

சிவாஜி நடித்து 1954-ல் வந்த ‘மனோகரா’ படத்தை டி.வி.யில் பார்க்காதவர் நம்மில் குறைவு. அந்தக் கதையை முதலில் நாடகமாக எழுதியவர் பம்மல் சம்பந்த முதலியார்.

1873-ல் சென்னையில் பிறந்தவர். சின்ன வயசில் தமிழ் நாடகம் என்றாலே அவருக்கு ஆகாது. பெல்லாரி கிருஷ்ணமாச்சாரியார் குழுவின் தெலுங்கு நாடகத்தைப் பார்த்த பிறகுதான் மனசு மாறியது. உடனே கூட்டாளிகளைச் சேர்த்து, 1891 ஜூலை 1-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கிவிட்டார். அப்போ அவருக்கு வயது 18!

நடிப்பவனைக் கூத்தாடி என்று ஏளனம் செய்த காலம் அது. இவர்களோ சம்பளம் வாங்காமல், படிப்பும் வேலையும் போக மிச்ச நேரத்தில் ஒத்திகை பார்த்தார்கள். பிறகு வக்கீல்களும் மேடை ஏறினார்கள். தீரர் சத்தியமூர்த்தியே மனோகரனாக நடித்தார். விடிய விடிய நடந்த நாடகத்தைச் சில மணி நேரமாகச் சுருக்கினார்கள். (நம்ம பக்கத்துத் தெருக்கூத்து ரசிகர்கள் இதை ஒத்துக்க மாட்டாங்க!) சபையில் புத்தகசாலையும் விளையாட்டும் சேர்ந்தன.

ஆனால் ஒன்று. அது இங்கிலீஷ் படித்த, வசதியான வீட்டுப் பிள்ளைகளின் சபை. பெண் வேஷமும் ஆண்களுக்குத்தான். தறிக்குழியைப் பார்த்து வளர்ந்த ஆரணிப் பசங்களுக்கு அங்கே இடம் கிடைத்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். எங்க தெருவில் பாவு வேலை முடிந்தால்தான் பந்து விளையாடவே இடம்; ஒத்திகை பார்க்க ஒரு கூடம் கிடையாது.

வக்கீலாகி, நீதிபதியாகவும் இருந்தவர், 1936-ல் வந்த முதல் ‘மனோகரா’ படத்தில் தாமே வேஷம் கட்டினார். எழுதிய நாடகங்கள் 90-க்கும் மேல். 1959-ல் பத்மபூஷண் கிடைத்தது. 1964-ல் காலமானபோது வயது 91.