மாணவரை ஊரிலே நிறுத்திய பேராசிரியர்

1930களில் கலிபோர்னியாவில் பொறியியல் படித்த பிள்ளைகளில் பலர், பட்டம் கையில் கிடைத்ததும் வேலை தேடி அமெரிக்காவின் கிழக்குக் கரைக்குப் போய்விடுவார்கள். ஸ்டான்போர்ட் பேராசிரியர் பிரெட்ரிக் டேர்மனுக்கு (1900–1982) இது பொறுக்கவில்லை. அவரும் போகவிருந்தவர்தான். 1924இல் எம்.ஐ.டி.யில் கலாநிதிப் பட்டம் பெற்று அங்கேயே கற்பிக்க இருந்தவரைச் சயரோகம் ஓராண்டு படுக்கையில் போட்டது, ஊரோடு நின்றுவிட்டார்.

கிழக்கே வேலைக்குப் போயிருந்த மாணவர் பக்கார்டுக்கு உதவித்தொகை தேடிக்கொடுத்துத் திருப்பி அழைத்தார். ஹியூலட்டும் அவரும் 1939இல் 538 டொலர் முதலோடு ஒரு கார்க் கொட்டகையில் நிறுவனம் தொடங்கினார்கள். போருக்குப் பின் பீடாதிபதியான டேர்மன், விற்கமுடியாத பல்கலைக்கழகக் காணியைத் தொழில் நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விடும் திட்டத்துக்கும் துணைநின்றார்.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. டிரான்சிஸ்டர் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஷொக்லியை, அயலில் ஆய்வுகூடம் அமைக்க டேர்மன் ஊக்குவித்தார். சிலிக்கனில் கருவி செய்யும் கைவேலை அப்போது வளாகத்தில் இல்லை. 1957இல் ஜேம்ஸ் கிபன்ஸ் என்ற இளம் ஆசிரியரைப் பாதி நேரம் அங்கே கற்றுவர அனுப்பினார்கள். பேராசிரியர்கள் கம்பனியிடம் பாடம் கேட்பதா என்று கூச்சப்படவில்லை! மறு ஆண்டே ஸ்டான்போர்ட் ஆய்வுகூடத்தில் சிலிக்கன் கருவி உருவானது.

இதற்கிடையில் ஷொக்லியோடு ஒத்துப்போகாத எட்டுப் பேர் பிரிந்து பெயார்சைல்ட் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார்கள். 1959இல் அவர்களுள் ஒருவரான ரொபர்ட் நொய்ஸ், ஒரே சிலிக்கன் துண்டில் முழுச் சுற்றையும் அமைக்கும் வழியைக் கண்டார். சிலிக்கனில் கைபழகிய ஸ்டான்போர்ட் மாணவருக்கு இப்போது சைக்கிளில் போகும் தூரத்திலேயே வேலை இருந்தது.