ஸர் முத்துசாமி ஐயரும் ஒதுக்கிய ஆசனங்களும்

நீதிபதிகள் நியமனத்தில் ஒதுக்கீடு என்ற பேச்சு எழும்போதெல்லாம், திறமையொன்றே அளவுகோலாயிருந்த காலம் ஒன்று முன்பு இருந்ததென்று பெருமூச்செறிவோர் உளர். ஸர் தி. முத்துசாமி ஐயருடைய சரித்திரத்தை அறிந்தோர் அவ்விதம் கூறத் துணியார்.

1832-ல் தஞ்சை ஜில்லாவிலே ஏழைக் குடும்பமொன்றில் பிறந்த அவர், இளமையிலேயே தந்தையை இழந்து, கிராமக் கணக்கரிடம் மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்துக்கு அமர்ந்தார். தாசில்தார் முத்துசாமி நாயக்கர் என்னும் பெருந்தகை சிறுவனுடைய கூர்மையைக் கண்டு, சென்னைக்கு அனுப்பிப் படிக்கச் செய்தார். 1854-ல் ஆங்கில வியாசப் போட்டியில் 500 ரூபாய்ப் பரிசு கிடைத்தது. பிறகு தரங்கம்பாடியில் முன்சீப், தென் கன்னடத்தில் ஸதர் அமீன், சென்னையில் போலீஸ் மாஜிஸ்ட்ரேட் என்று படிப்படியாக உயர்ந்து, 1871-ல் ஸ்மால்காஸ் கோர்ட் நீதிபதியானார். மாஜிஸ்ட்ரேட்டாயிருந்தபொழுது, இந்தியர் ஒருவரை அடித்ததாகப் புகார் செய்யப்பட்ட வெள்ளைக்கார ஹைகோர்ட் நீதிபதியையே சம்மன் அனுப்பி வரவழைத்து அபராதம் விதித்தார் என அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

இத்தகையவருக்கு ஹைகோர்ட்டில் இடம் எங்கே? 1861-ஆம் வருஷத்து ஹைகோர்ட் சட்டத்தைச் சற்று உற்று நோக்குவோம். பிரதம நீதிபதி உட்பட மூன்றிலொரு பங்குக்குக் குறையாமல் பாரிஸ்டர்கள்; மூன்றிலொரு பங்குக்குக் குறையாமல் ஸிவில் சர்வீஸ் உத்தியோகஸ்தர்கள். எஞ்சியதில்தான் இந்நாட்டு வக்கீல்களும் கீழ்க் கோர்ட்டு நீதிபதிகளும் புகலாம். இந்தியரை விலக்கும் சொல் சட்டத்தில் ஒன்றுமில்லை என்பது மெய்யே. ஆனால் பாரிஸ்டராவதற்கும் சர்வீஸ் பரீட்சைக்கும் லண்டனுக்கன்றோ போகவேண்டும்! கடல் கடக்கும் செலவுக்கு ஒரு ரூபாய்ச் சம்பளக்காரர் எங்கே போவார்? ஒதுக்கீடு என்ற பெயர் சூட்டாமலே நடந்த ஒதுக்கீடு இது.

கல்கத்தாவில் சம்புநாத் பண்டிதர் 1863-லேயே ஹைகோர்ட் நீதிபதியானார். சென்னைக்கோ மேலும் பதினைந்து ஆண்டுகள் வேண்டியிருந்தன. 1878-ல் முத்துசாமி ஐயருக்கு நியமனம் வந்ததும் ஆங்கிலோ-இந்தியப் பத்திரிகைகள் தகுதி போதாதென்று கூக்குரலிட்டன. தமக்கென ஆசனங்களைச் சட்டத்திலேயே எழுதி வைத்துக்கொண்ட கூட்டத்தார் பிறருடைய தகுதியைப் பரிசோதிக்கப் புகுந்த விந்தையை என்னென்பது! அவர்களுக்கு விடையிறுக்கவே ஆறு இளைஞர்கள் ஒன்றேமுக்கால் ரூபாய் கடன் வாங்கி, அவ்வருஷம் செப்டம்பர் 20-ந் தேதி ஹிந்து பத்திரிகையின் 80 பிரதிகளை அச்சிட்டனர்.

பதினாறு ஆண்டுகளுக்கு மேல் அவர் அப்பதவியில் இருந்தார். 1891-ல் மலபார் விவாகக் கமிஷனுக்குத் தலைமை வகித்தார். 1893-ல் சில மாதங்கள் பிரதம நீதிபதியின் ஆசனத்திலும் அமர்ந்தார், ஆயினும் தாற்காலிகமாகவே. பாரிஸ்டரல்லாதவருக்கு அது நிரந்தரமாகக் கிட்டாதென்பது சட்டம். 1895 ஜனவரியில் காலஞ்சென்றார். அவருக்குப்பின் அமர்ந்த ஸர் எஸ். சுப்பிரமணிய ஐயர் மூன்று தடவை தாற்காலிகப் பிரதம நீதிபதியாயிருந்தும் நிரந்தரமாகவில்லை.

அந்த மூன்றிலொரு பங்குக் கணக்கை 1935-ஆம் வருஷத்து இந்திய அரசாங்கச் சட்டம் ஒழித்தது. பாரிஸ்டரல்லாத தமது வக்கீல்களில் ஒருவரான ஸ்ரீ பி. வி. ராஜமன்னாரைப் பிரதம நீதிபதியாகச் சென்னை ஹைகோர்ட் கண்டது 1948-ல்.