டகோட்டா தந்த டக்ளஸ்



தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது தையற்காரர் கடைக்குப் போய்ப் பாருங்கள். வருகிற துணியையெல்லாம் சிரித்த முகத்தோடு வாங்கி அடுக்கிக்கொண்டே இருப்பார். முன்பணமும் வாங்கிக்கொள்வார். பண்டிகைக்கு முதல் நாள் இரவு போனால்தான் உண்மை தெரியும். காஜா எடுக்க ஆள் கிடையாது, பொத்தான் வந்து சேரவில்லை, கால்சட்டை பாதியில் நிற்கிறது, வாசலில் பத்துப் பேர் சத்தம் போடுகிறார்கள். வேலை வராமல் கெட்ட தையற்காரர் உண்டு. வேலை மிதமிஞ்சி வந்து கெட்ட தையற்காரரும் உண்டு. இந்த இரண்டையும் ஒரே வாழ்க்கையில் பார்த்துவிட்ட ஒரு மனிதரைப் பற்றித்தான் இந்த மலரில் எழுத வந்தேன். அவர் தைத்தது சட்டை அல்ல, ஆகாய விமானம். பெயர் டொனால்ட் வில்ஸ் டக்ளஸ். அமெரிக்கர்.

அவர் நமக்கு அந்நியர் என்று நினைத்துவிடாதீர்கள். என் தாத்தா அவசரகாலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டகோட்டா விமானத்தைச் சொல்லாமல் முடிக்கமாட்டார். 1948 முதல் 1960 வரை நம் நாட்டில் நடந்த அந்தக் காலத்தில், பால்காட்டுக்கு மேலே தாழப் பறந்து துண்டுப் பிரசுரம் கொட்டும், ஒலிபெருக்கி வைத்துக் காட்டில் இருப்பவர்களைச் சரணடையச் சொல்லிப் பேசும், காட்டுக்குள் இருக்கும் சிப்பாய்களுக்கு அரிசி மூட்டையைக் குடையில் இறக்கும். 1947-இல் பறக்கத் தொடங்கிய மலாயன் ஏர்வேஸ் நிறுவனமும் பல வருஷம் இதே விமானத்தில்தான் பயணிகளை ஏற்றியது. டகோட்டா என்பது வெள்ளைக்காரப் பட்டாளம் வைத்த பெயர். செய்தவர் வைத்த பெயர் டி.சி.-3. அந்த ‘டி’ என்ற எழுத்து டக்ளஸ்தான்.

1892-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் அவர் பிறந்தார். பள்ளிப் பருவத்திலேயே ரைட் சகோதரர்களின் விமானம் வர்ஜீனியாவில் ராணுவத்துக்கு முன் பறந்து காட்டியதைப் போய்ப் பார்த்தார். அதோடு பையனின் புத்தி ஆகாயத்துக்குப் போய்விட்டது. கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தவர் 1912-இல் அதை விட்டு விலகி, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து, இரண்டே ஆண்டில் பட்டம் பெற்று வெளியே வந்தார். பிறகு கிளென் மார்ட்டின் என்ற விமான முதலாளியிடம் தலைமைப் பொறியாளர் ஆனார். அப்போது வயது இருபத்து மூன்றுதான்!

நல்ல சம்பளம், நல்ல பதவி. ஆனாலும் 1920-இல் வேலையை விட்டுவிட்டுக் கலிபோர்னியாவுக்குப் புறப்பட்டார். கையில் இருந்தது சுமார் 600 டாலர். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஒரு முடிதிருத்தும் கடையின் பின்னறைதான் அவருடைய அலுவலகம். முன்னே கத்தரிக்கோல் சத்தம், பின்னே விமானப் படம்! டேவிட் டேவிஸ் என்ற பணக்காரர் 40,000 டாலர் போட்டார். 1921-இல் முதல் விமானம் பறந்தது. தன் எடையைவிட அதிகமான சுமையைத் தூக்கிய முதல் விமானம் என்று அதற்குப் பெயர் உண்டு. அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நிற்காமல் போக வேண்டும் என்பது திட்டம். பாதி வழியில் டெக்சாஸில் எஞ்சின் நின்றுபோனது. டேவிஸுக்கும் ஆசை போய்விட்டது, விலகிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் கடற்படையிடமிருந்து மூன்று விமானத்துக்கு ஆர்டர் வந்தது. சந்தோஷம்தான். ஆனால் சாமான் வாங்கப் பணம்? 15,000 டாலர் வேண்டும். பத்திரிகை முதலாளி ஹாரி சாண்ட்லரிடம் போனார். ஒன்பது பேரை ஜாமீனுக்குச் சேர்த்துக்கொண்டு வந்தால் பத்தாவது ஆளாக நான் வருகிறேன் என்ற முறையில் அவர் ஒத்துக்கொண்டார். நம்ம ஆட்கள் கூட்டு சேர்ப்பதைப் போலத்தான், பாருங்கள்! வீடு வீடாக ஏறி இறங்கி ஒன்பது பேரைப் பிடித்தார் டக்ளஸ். பிறகு சாந்தா மோனிகாவில் யாரும் இல்லாமல் கிடந்த ஒரு சினிமாப் படப்பிடிப்பு நிலையத்தில் பட்டறை போட்டார். 1924-இல் அவர் செய்த நான்கு விமானங்கள் உலகைச் சுற்றக் கிளம்பின. இரண்டு விமானங்கள் முழுச் சுற்றையும் முடித்துத் திரும்பின. உலகை விமானம் சுற்றி வந்தது அதுவே முதல் தடவை.

பயணிகள் விமானத்தில் அவர் இறங்கியதற்கு ஒரு துயரம் காரணம். 1931-இல் டி.டபிள்யூ.ஏ. என்ற நிறுவனத்தின் விமானம் ஒன்று கான்சாஸில் விழுந்து, புகழ்பெற்ற கால்பந்துப் பயிற்றுநர் நூட் ராக்னி உட்பட எல்லாரும் இறந்தார்கள். அந்த விமானத்தின் இறக்கை மரத்தால் ஆனது. உள்ளே ஈரம் இறங்கிப் பிசின் விட்டுப்போயிருந்தது. மர விமானம் என்றாலே மக்கள் பயந்தார்கள். போயிங் நிறுவனம் உலோக விமானம் செய்துகொண்டிருந்தது. ஆனால் முதல் அறுபதையும் தன் கூட்டாளி நிறுவனத்துக்கே கொடுப்பதாகப் பேசிவிட்டது. மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டியதுதான். இந்த வரிசையில் நிற்க மனமில்லாத டி.டபிள்யூ.ஏ. அதிகாரி ஜாக் ஃபிரை, 1932 ஆகஸ்டில் சில விமானத் தொழிற்சாலைகளுக்கு ஒரு சிறு கடிதம் போட்டார். முழுதும் உலோகம், மூன்று எஞ்சின், பன்னிரண்டு பயணிகள். பறக்கக் கிளம்பும்போது ஒரு எஞ்சின் நின்றாலும் விழாமல் மேலே ஏற வேண்டும்.

டக்ளஸின் ஆட்கள் யோசித்து, மூன்று எஞ்சின் எதற்கு, இரண்டே போதும் என்றார்கள். 1933 ஜூலை 1-ஆம் தேதி டி.சி.-1 முதன்முதலாகப் பறந்தது. மூக்கைத் தூக்கினால் எஞ்சின் இருமுகிறது, தாழ்த்தினால் ஓடுகிறது! விமானி எப்படியோ கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, சுற்றிக்கொண்டு வந்து இறக்கினார். பார்த்தால் கார்புரேட்டர் மிதவையைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். இத்தனை பெரிய விமானத்துக்கு வந்த ஆபத்து இவ்வளவு சின்னச் சாமானால்தான். பிறகு அரிசோனாவில், காற்று மெலிந்த மேட்டு நிலத்து வின்ஸ்லோ விமானத்தளத்தில், தரையை விட்டுக் கிளம்பும்போதே ஒரு எஞ்சினை நிறுத்திக் காட்டினார்கள். மிச்சம் இருந்த ஒரே எஞ்சினில் விமானம் ஏறி, அடுத்த ஊர் வரை போய்ச் சேர்ந்தது.

அதை விற்ற விலை 125,000 டாலர். செலவோ 3 இலட்சம் டாலருக்கு மேல். டக்ளஸ் கணக்கு தெரியாதவர் அல்லர். அடுத்து வந்த டி.சி.-2 விமானத்துக்கு ஆர்டர் குவிந்தது. 1934 அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு நடந்த பந்தயத்தில் டச்சுக்காரர்களின் டி.சி.-2 ஒன்று மூன்று பயணிகளையும் தபாலையும் ஏற்றிக்கொண்டு, சிங்கப்பூரில் இறங்கி ஏறிப் போய், இரண்டாவது இடம் பிடித்தது. முதலில் வந்தது பந்தயத்துக்கென்றே செய்த விமானம்.

பிறகுதான் டி.சி.-3. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் சி.ஆர்.ஸ்மித், படுத்துக்கொண்டே போகிற அகலமான விமானம் வேண்டுமென்று தொலைபேசியில் நெடுநேரம் கெஞ்சினார். டக்ளஸுக்கு அரை மனம்தான். டி.சி.-2 நன்றாக விற்கும்போது புதுத் தொல்லை எதற்கு என்று நினைத்தார். கடைசியில் இணங்கினார். 1935 டிசம்பர் 17-இல் அது பறந்தது. உட்கார்ந்து போனால் 21 பேர். தபால் கூலி இல்லாமல் ஆட்களை ஏற்றியே இலாபம் பார்க்க முடிந்த முதல் விமானம் இதுதான் என்பார்கள். உலகப் போர் வந்ததும் ராணுவத்துக்கு மட்டும் பத்தாயிரத்துக்கும் மேல் செய்தார்கள்.

மாணவர்களே, இங்கேதான் ஒரு வேடிக்கை. போர் 1945-இல் முடிந்தது. ஆயிரக்கணக்கான டகோட்டாக்களை அரசாங்கம் மலிவு விலைக்குத் தள்ளிவிட்டது. உலகத்திலுள்ள சின்னச் சின்ன நிறுவனமெல்லாம் அதை வாங்கிக்கொண்டது. டக்ளஸ் அதையே திருத்தி ‘சூப்பர் டி.சி.-3’ என்று 1949-இல் கொண்டுவந்தார். நிறுவனங்கள் வாங்கியது மூன்றே மூன்று! பழையது நன்றாக ஓடும்போது புதியதுக்கு யார் பணம் கொடுப்பார்கள்? அவருடைய கைவேலையே அவருக்குப் போட்டியாக வந்து நின்றது.

அது ஏன் அத்தனை வருஷம் உழைத்தது என்று என் வகுப்பில் ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. இன்றைய ஜெட் விமானம் உயரத்தில் பறப்பதால் உள்ளே காற்றை அடைத்து வைக்க வேண்டும். ஏறும்போது உடம்பு பலூன் போலக் கொஞ்சம் உப்பும், இறங்கும்போது சுருங்கும். ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் கடைசியில் என்ன ஆகும்? பட்டென்று ஒடியும். அதுபோல உலோகமும் களைத்து வெடிப்பு விடும். அதனால்தான் ஜெட் விமானத்துக்கு வயதை வருஷத்தால் மட்டும் எண்ணுவதில்லை, எத்தனை தடவை ஏறி இறங்கியது என்றும் எண்ணுகிறார்கள். டகோட்டா தாழப் பறப்பது, காற்று அடைப்பதில்லை. அதன் இறக்கைக்குள் ஒரே முதுகெலும்பை நம்பாமல் பாரத்தைப் பல தண்டுகள் பங்கு போட்டுக்கொள்ளும்படி கட்டியிருந்தார்கள். ஒன்று சோர்ந்தாலும் மற்றவை தாங்கும்.

டக்ளஸ் பொறுமைசாலி. பாய்மரப் படகோட்டுவதில் பிரியம் உள்ளவர், 1932 ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கமும் வாங்கியிருக்கிறார். காற்று வரட்டும் என்று காத்திருக்கத் தெரிந்தவர். இந்தப் பொறுமையே ஜெட் காலத்தில் அவருக்கு எதிரியாயிற்று என்பது என் எண்ணம். இங்கிலாந்தின் காமெட் ஜெட் 1952-இல் பயணிகளை ஏற்றத் தொடங்கியது, 1954-இல் நான் மேலே சொன்ன அதே உலோகக் களைப்பால் ஆகாயத்திலேயே உடைந்து விழுந்தது. பார்த்து நடப்போம் என்று டக்ளஸ் இருந்தார். போயிங்கோ தன் சொந்தப் பணம் ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் போட்டு 1954-லேயே மாதிரி ஜெட்டைப் பறக்கவிட்டது. டக்ளஸ் 1955-இல் டி.சி.-8 திட்டத்தை அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில் பான் அமெரிக்கன் நிறுவனம் போயிங்கிடம் 20, டக்ளஸிடம் 25 என்று ஆர்டர் கொடுத்தது. ஆர்டரில் முந்தினாலும், போயிங் 707 ஓடத் தொடங்கி ஏறக்குறைய ஓராண்டு கழித்துத்தான், 1959 செப்டம்பரில், டி.சி.-8 பயணிகளை ஏற்றியது.

1957-இல் நிறுவனத்தின் தலைவர் பதவியை மகன் டொனால்ட் ஜூனியரிடம் கொடுத்துவிட்டு, பெரியவர் நிர்வாகக் குழுவின் தலைமையில் இருந்தார். சின்ன ஊர்களுக்கு ஏற்ற டி.சி.-9 என்ற ஜெட் 1965-இல் வந்தது. அருமையான விமானம். நிறுவனங்கள் போட்டி போட்டு ஆர்டர் கொடுத்தன. ஒருவருக்குக் குட்டை வேண்டும், இன்னொருவருக்கு நெட்டை வேண்டும். எல்லாவற்றுக்கும் சரி என்றார்கள். அதே நேரம் டி.சி.-8 விமானத்தையும் நீட்டி மூன்று புது வகை செய்தார்கள். வியட்நாம் போர் வலுத்த நேரம் அது. எஞ்சின் முதலில் ராணுவத்துக்குப் போயிற்று, சக்கரத் தொகுதி நேரத்துக்கு வரவில்லை, கைதேர்ந்த தொழிலாளர் கிடைக்கவில்லை. புதிதாக வந்தவர்களுக்கு வேலை கற்றுக்கொடுத்துக்கொண்டே விமானம் கட்டினார்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் பேசிய விலையைவிடச் செலவு ஏறியது. தாமதமான விமானத்துக்கு வாங்குபவர்கள் நஷ்டஈடு கேட்டார்கள்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். விமானம் கொடுத்தால்தான் முழுப்பணம் வரும். பாதி கட்டிய விமானம் பட்டறையில் நின்றால் பணம் அங்கேயே முடங்கிக்கிடக்கும், ஆனால் கூலி வாராவாரம் கொடுத்தாக வேண்டும். இருநூறு கோடி டாலருக்கு மேல் ஆர்டர் கையில் இருக்க, 1966-இல் நிறுவனம் 2 கோடியே 70 இலட்சம் டாலருக்கு மேல் நஷ்டப்பட்டது. வங்கிகள் இனி கடன் கிடையாது என்று கையை விரித்துவிட்டன. பத்துப் பேர் ஜாமீனில் ஆரம்பித்த கம்பெனி, இம்முறை ஜாமீனுக்கு ஆள் இல்லாமல் நின்றது. 1967-இல் போர் விமானம் செய்யும் மெக்டானல் நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. டக்ளஸுக்கு அப்போது வயது 75. கௌரவத் தலைவர் என்ற பெயர் மட்டும் மிஞ்சியது.

அவரைக் கவிழ்த்த டி.சி.-9 பிறகு என்ன ஆயிற்று தெரியுமா? மொத்தம் 976 கட்டினார்கள். அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் கடைசி டி.சி.-9 விமானத்தை ஓய்வுக்கு அனுப்பியது 2014 ஜனவரியில்தான். விமானத்தில் குறை இல்லை. கட்டி முடிக்கும் வரை தாங்கக் கம்பெனியிடம் பணம் இல்லை, அவ்வளவுதான். மெக்டானல் டக்ளஸ் நிறுவனமும் 1997-இல் பழைய போட்டிக்காரரான போயிங்குடன் சேர்ந்து மறைந்தது.

அதைப் பார்க்க டக்ளஸ் உயிரோடு இல்லை. 1981 பிப்ரவரி 1-ஆம் நாள் கலிபோர்னியாவில் தம் 88-ஆம் வயதில் அவர் காலமானார். படகோட்டி மகிழ்ந்த பசிபிக் கடலிலேயே அவருடைய சாம்பலைத் தூவினார்கள். அவர் அரை மனத்தோடு சம்மதித்துச் செய்த டி.சி.-3 அதற்குப் பிறகும் ஓடியது. தொண்ணூறு வருஷத்தை நெருங்கும் காலத்திலும் கொலம்பியாவில் சாலை இல்லாத ஊர்களுக்கு அதில்தான் அரிசியும் ஆட்களும் போனார்கள்.