நீலச் சட்டைச் சிறுவன்

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள் நம் முன்னோர். உடுத்திய உடையைக் கொண்டே ஒருவரை எடைபோட்டுவிடும் உலகம் இது. அணிந்த உடைக்காகவும் சூடிய பெயருக்காகவும் பல்லாண்டு ஏச்சு வாங்கிய ஒருவர், பின்னாளில் அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்றார். அவர்தாம் மேற்கு ஜெர்மனியின் தலைமை அமைச்சராக விளங்கிய வில்லி பிராண்ட். செய்தியாளராக இருந்து அரசியலுக்கு வந்தவர். அவருடைய வெற்றிகளைவிட இளமைக்காலமே என்னை அதிகம் கவர்ந்தது.

1913 டிசம்பர் 18ஆம் நாள், வட ஜெர்மனியின் துறைமுக நகரமான லூபெக்கில் அவர் பிறந்தார். பெற்றோர் வீட்டில் அவருக்கு வழங்கிய பெயர் ஹெர்பர்ட் ஃப்ராம். தாயார் மார்த்தா கூட்டுறவுக் கடையொன்றில் விற்பனைப் பெண். திருமணம் ஆகாத தாய்க்குப் பிறந்த பிள்ளை. தந்தையை அவர் கண்டதே இல்லை. முதல் உலகப்போர் முடிந்ததும் தாத்தா லுட்விக் ஃப்ராம்தான் அவரை வளர்த்தார். பாரவண்டி ஓட்டும் தொழிலாளியான அந்தத் தாத்தாவைத்தான் சிறுவன் அப்பா என்று அழைத்தான்.

போருக்குப் பிந்திய ஜெர்மனியில் ஒரு சிறுவனுக்கு உடை என்பது எளிதில் கிடைத்த பொருள் அன்று. கடல்வழி முற்றுகையால் பருத்தியும் கம்பளியும் வராமற்போக, போர்க்காலத்தில் காகித நூலால்கூடத் துணி நெய்தார்கள். பெரியவர்களின் பழைய உடைகளை வெட்டித் தைத்துப் பிள்ளைகளுக்கு அணிவித்தார்கள். பையன்களுக்குக் குளிர்காலத்திலும் அரைக்காற்சட்டைதான். அதனோடு நீண்ட கம்பளிக் காலுறை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளோ கப்பற்படை வீரர்போல் அகன்ற கழுத்துப்பட்டை வைத்த உடையில் வலம் வந்தனர். 1923 நவம்பரில் பணவீக்கத்தால் பெர்லினில் ஒரு ரொட்டியின் விலை ஏறக்குறைய 20,000 கோடி மார்க்கைத் தொட்டது. அத்தகைய காலம் அது!

அந்த வறுமையிலும் தன்மானம் குன்றவில்லை. ஹெர்பர்ட்டுக்கு எட்டு வயதிருக்கும். தாத்தாவின் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம். வீட்டில் பசி. ரொட்டிக் கடை வாசலில் ஏக்கத்தோடு நின்ற சிறுவனைக் கண்ட தொழிற்சாலை இயக்குநர் ஒருவர் இரண்டு ரொட்டிகள் வாங்கிக் கொடுத்தார். மகிழ்ச்சியோடு வீட்டுக்கு ஓடினான் சிறுவன். தாத்தாவோ, போராடும் தொழிலாளி முதலாளியிடம் பிச்சை பெறுவதில்லை எனக் கூறி, அவற்றைத் திருப்பிக் கொடுத்துவரச் சொன்னார். பசித்த வயிற்றோடு அந்தச் சிறுவன் திரும்ப நடந்த தூரத்தை என்னால் எளிதில் மறக்க முடியவில்லை.

நம் நாட்டுப் பள்ளிகளில் ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே சீருடை. அன்றைய ஜெர்மனியில் அப்படி இல்லை. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வண்ணத் தொப்பி அணிவார்கள். அதைக் கண்டாலே வசதியான வீட்டுப் பிள்ளை என்று தெருவே அறிந்துகொள்ளும். கல்விக் கட்டணச் சலுகையோடு 1928இல் யோகானேயம் என்ற புகழ்பெற்ற பள்ளியில் சேர்ந்தான் ஹெர்பர்ட். அங்கே தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் மிகச் சிலரே. விடுமுறை நாள்களிலோ அவன் உலகமே வேறு. தொழிலாளர் இளைஞர் இயக்கத்தின் நீலச் சட்டையும் சிவப்புக் கழுத்துத்துணியும் அணிந்து, தோழர்களோடு நடைப்பயணமும் முகாமும் போவான். பள்ளியில் அவனுக்குக் கிடைத்த பட்டப்பெயர் அரசியல்வாதி! அரசியல் இந்தப் பையனைக் கெடுத்துவிடும் என ஆசிரியர் ஒருவர் தாயாரை எச்சரித்தாராம்.

பையன் கேட்கவில்லை. பதின்ம வயதிலேயே லூபெக் தொழிலாளர் நாளேட்டில் எழுதத் தொடங்கினான். அதன் ஆசிரியர் யூலியஸ் லேபர் அவனுக்கு வழிகாட்டியானார். அந்த லேபரைத்தான் 1945 ஜனவரியில் நாஜிகள் தூக்கிலிட்டனர்.

1933இல் இட்லர் ஆட்சிக்கு வந்ததும், தலைமறைவுப் பணிக்காக ஹெர்பர்ட் சூடிய புனைபெயரே வில்லி பிராண்ட். 19 வயதில் மீன்பிடிப் படகில் டென்மார்க்குக்குத் தப்பி, அங்கிருந்து நார்வே சேர்ந்தார். செய்தியாளராகப் பிழைத்தார். 1938இல் ஜெர்மானியக் குடியுரிமையும் பறிபோனது. 1940இல் ஜெர்மன் படை நார்வேயில் புகுந்தபோது, நண்பர் ஒருவரின் நார்வே இராணுவ உடையை அணிந்துகொண்டார். பிடிபட்டவரைச் சாதாரண நார்வே வீரர் என்றே எண்ணி, சில வாரங்களில் விடுவித்துவிட்டனர். அந்த உடை இல்லாதிருந்தால் அவர் உயிர் தப்பியிருப்பாரா என்பது ஐயமே. போருக்குப்பின் 1947இல் பெர்லினில் நார்வேயின் செய்தித்துறை அதிகாரியாகப் பணியாற்றியபோதும் அந்நாட்டுச் சீருடையையே அணிந்தார்.

தாயகம் திரும்பி அரசியலில் உயர்ந்தபோது, எதிரிகள் இவற்றையெல்லாம் தோண்டியெடுத்தனர். தந்தை பெயர் தெரியாதவர் என்றனர்; அயல்நாட்டுச் சீருடை அணிந்த துரோகி என்றனர். 1961இல், பெர்லின் சுவர் எழத் தொடங்கிய மறுநாளே, அன்றைய தலைமை அமைச்சர் அடினாவர் தேர்தல் மேடையில் குற்றவாளியைச் சுட்டுவதுபோல் அவருடைய இரு பெயர்களையும் சேர்த்துச் சொன்னார். அந்தத் தேர்தலிலும் 1965 தேர்தலிலும் பிராண்ட் தோற்றார். 1969இல்தான் தலைமை அமைச்சரானார்.

மறுஆண்டு டிசம்பர் 7ஆம் நாள், வார்சாவில் யூதர் நினைவுச்சின்னத்தின்முன், கருநிற மேலங்கியோடு ஈரத் தரையில் மண்டியிட்டார். நாஜிகளை எதிர்த்தவர், நாஜிகள் செய்த கொடுமைக்காகத் தம் நாட்டின் சார்பில் மண்டியிட்டார்! அதுவும் மிகை என்று கருத்துக்கணிப்பில் 48 விழுக்காட்டினர் கூறினர். உலகமோ 1971இல் நோபல் பரிசு வழங்கியது. பின்னர் வடக்கு, தெற்கு நாடுகளின் ஏற்றத்தாழ்வை ஆராய்ந்த பன்னாட்டுக் குழுவுக்கும் அவர் தலைமை தாங்கினார். மலேசியாவின் கதீஜா அகமதும் அதில் இடம்பெற்றார். 1992இல் பிராண்ட் மறைந்தார்.

உடை மாறியது, பெயர் மாறியது, நாடும் மாறியது. ரொட்டியைத் திருப்பிக் கொடுத்த சிறுவன் மட்டும் மாறவே இல்லை. தோட்டத்திலிருந்தும் அடுக்குமாடி வீட்டிலிருந்தும் பல்கலைக்கழகத்துக்கு வந்திருக்கும் நண்பர்களே, பிறப்பையும் உடையையும் காட்டி யாரேனும் நம்மைச் சிறுமைப்படுத்தினால் நாம் ஏன் கூச வேண்டும்? எதை அணிந்தோம் என்பதைவிட, அதை அணிந்து யார் பக்கம் நின்றோம் என்பதையே வரலாறு கேட்கும்.