இலையில் இருந்த சின்ன சவ்வு... சிறையில் முடிந்த வாழ்க்கை! யார் இந்த நிகோலாய் வாவிலோவ்?

நெற்பயிரில் இலை விரியத் தொடங்கும் இடத்தை உற்றுப் பாருங்கள். நாக்கு மாதிரி மெல்லிசா ஒரு சவ்வு தெரியும். இதற்குப் பெயர் லிகியூல். கோதுமை, மக்காச்சோளத்திலும் உண்டு. இது உருவாகாத செடிகளில் இலை வெளிப்பக்கம் சாயாமல், தண்டை ஒட்டி விறைப்பாக நிற்கும்.

இந்தச் சின்ன வித்தியாசத்தை விடாமல் பிடித்துக்கொண்டவர்தான் ரஷ்ய விஞ்ஞானி நிகோலாய் வாவிலோவ்.

1887-ல் மாஸ்கோவில் பிறந்தார். விவசாயப் படிப்பை முடித்து, இங்கிலாந்தில் மரபியல் முன்னோடி வில்லியம் பேட்சனிடம் பாடம் கற்றார். 1916-ல் ஈரான் வழியாக பாமிர் மலைக்குப் போனார். அந்த மலைப்பகுதி கோதுமையில் சவ்வு இல்லாத ரகம் இருந்தது. கோதுமைக்கு நெருங்கிய சொந்தமான ரை என்ற தானியத்திலும் அதே மாதிரி!

சவ்வு மட்டுமில்லை, கதிர், நிறம் என எதைப் பார்த்தாலும் இந்த ஒற்றுமை தெரிந்தது. 1920 ஜூனில் சராடோவ் நகரில் நடந்த மாநாட்டில் இதை ஒரு விதியாகவே அறிவித்தார். உறவுக்காரச் செடிகளில் மாற்றங்களும் ஒரே வரிசையில்தான் வரும். ஒன்றில் பார்த்ததை இன்னொன்றிலும் தேடலாம் என்பதுதான் அந்த விதி. தனிமங்களுக்கு மெண்டலீவ் அட்டவணை எப்படியோ, அப்படி.

ஏன் இப்படி? பதில் பல வருஷம் கழித்துத்தான் கிடைத்தது. மக்காச்சோளத்தில் லிகியூல்லெஸ்-1 என்ற ஜீன் பழுதானால் சவ்வு வராது. நெல்லில் அதற்கு இணையான ஜீன் பழுதானாலும் அதே கதைதான். பொதுவான மூதாதையிடமிருந்து இரண்டுக்கும் வந்த சொத்து அது.

இந்த பதிலைப் பார்க்க வாவிலோவ் இல்லை. ஜீன் என்பதே கட்டுக்கதை என்று சொன்ன லைசென்கோவுக்கு ஸ்டாலின் ஆதரவு இருந்தது. வாவிலோவ் பின்வாங்கவில்லை. 1940 ஆகஸ்டில் மேற்கு உக்ரைனில் செடி சேகரிக்கப் போன இடத்திலேயே கைதானார். அடுத்த வருஷம் மரண தண்டனை. பிறகு அது 20 வருஷ சிறையானது.

அதே நேரம் லெனின்கிராடை ஜெர்மன் படை முற்றுகையிட்டிருந்தது. அவர் சேர்த்த விதைகளை அங்கே காவல் காத்த ஊழியர்கள் பலர் பட்டினியில் இறந்தார்கள். நெல் ரகங்களைப் பார்த்துக்கொண்டவரும் அதில் ஒருவர். சுற்றிலும் மூட்டை மூட்டையாக தானியம் இருந்தும் யாரும் தொடவில்லை. இதை எழுதும்போது கை ஒரு நிமிஷம் நின்றுவிட்டது.

உலகத்துக்கே சோறு போட விதை தேடிய வாவிலோவும் பட்டினியில் வாடித்தான், 1943 ஜனவரி 26-ல், 55 வயதில் இறந்தார். இறந்தது சராடோவ் சிறையில். ஆமாம், அந்த விதியை அறிவித்தாரே, அதே ஊர். தீர்ப்பு 1955-ல் ரத்தானது.